கேன் தண்ணி

குந்தும்மா. அந்த ஸ்டூல்ல குந்து, ஆடாது, கல்லு முட்டுக் குடுத்து வச்சிருக்கறேன். புடிச்ச தண்ணிய மூடி போட்டு பையில வை, கொட்டிடப் போவுது. நீ அடிபம்பாண்ட நின்னு சீசாவுல தண்ணி புடிக்கறப்பவே எனக்குச் சேதி வந்திடுச்சி. காலேஜ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்திருக்குது, தண்ணிய எடுத்துட்டுப் போயி அதுல இன்னா இருக்குதுன்னு பாக்கப் போவுதாம்னு. சரி, எங்க போயிடும், பஸ்ஸுக்கு நம்ம கடையத் தாண்டித்தானே போவணும்னு கம்முனு இருந்தேன். உன்னாண்ட எனக்கு ஒரு வேலை ஆவணும். அத்த அப்பறம் சொல்றேன், மொதல்ல நாஷ்டா துன்னு.

அந்த டம்ளரை ஏன் அப்பிடிப் பாக்கறே? குடி, குடி. அது கேன் தண்ணி. கடைக்கு வர்றவங்களுக்கு நான் என்னிக்குமே பம்புத் தண்ணிய அப்பிடியே பச்சையா வச்சதில்ல. இந்தப் பூவரசந்தோட்டத்துல யாரை வேணாக் கேளு. வூடு தகர வூடா இருக்கலாம், பின்னாடி கால்வா நாறலாம், ஆனா தேசம்மா கடையில தண்ணி கண்ணாடியா இருக்கும்னு சொல்லுவாங்க. ஆட்டோக்காரங்க மெயின் ரோட்டுலேர்ந்து எறங்கி வந்து துன்றாங்கன்னா சும்மாவா? நம்மள நம்பி வர்றவங்களுக்கு நம்ம நல்லது செய்யணும். நம்பினவங்களுக்குத் துரோகம் பண்றவன் மனுஷனே இல்ல. நான் பட்டவ, அதனால சொல்றேன்.

பரசுன்னு ஒருத்தன். லாரி ட்ரைவரு. போன மழைக்கு முன்னாடி வந்து ஒட்டிக்கினான். மொத நாளு வந்தப்ப தலை ஈரமா இருந்துச்சி, நெத்தியில விபூதி, ஒடம்புல சந்தன சோப்பு வாசனை. விடிஞ்சும் விடியாம இருக்கறப்ப குளிச்சி முடிச்சிட்டு வந்து நிக்கறான் பாரு, நல்ல தாயி வளத்த புள்ளன்னு நெனச்சேன். நான் மொகத்தப் பாத்து ஆளை எடை போடறவம்மா. எவன் துன்னுட்டு நழுவுவான், எவன் பொண்டாட்டியாண்ட அடி வாங்கிட்டு வந்து எனக்கு மொறைச்சிக் காட்டறான், எல்லாம் தெரியும். என் கண்ணுல மண்ணைத் தூவ இந்தத் தோட்டத்துல ஒருத்தனால முடியாது.

"இன்னா லாரிடா ஓட்டற?"ன்னு கேட்டேன். "தண்ணி லாரிக்கா"ன்னான். எனக்கு அப்பிடி ஒரு சந்தோஷம். தண்ணி குடுக்கறவன் சாமி மாதிரி இல்லியா? எங்க சந்துக்குத் தண்ணி லாரி வரும், வராது. வந்தா அன்னிக்குக் குடத்தாலயே மண்டைய ஒடைச்சிக்குவோம். ஒரு தபா அவனாண்ட, "எங்களுக்கும் ஒரு லோடு எறக்கேன்டா"ன்னேன். தலையத் தொங்கப் போட்டுக்கினான். "அது அந்தப் பெரிய பில்டிங்கு லோடுக்கா, உனக்கு வேணாம்"ன்னான். அவன் லாரிய நான் கண்ணால பாத்ததே இல்ல. சந்துக்குள்ள லாரி வராது, அந்தாண்ட கால்வா ரோட்டுல நிறுத்திட்டு நடந்து வருவான். அப்ப நான் எப்பிடிப் பாக்கறது?

அக்கா அக்கான்னு கூப்புடுவான். கூடப் பொறந்தவன் எனக்கு ஒருத்தன் இருக்கறான், லோகு. அவன் கூப்புடறத விட இவன் கூப்புடறது இனிப்பா இருந்துச்சி. பொங்கலுக்கு எனக்குப் பொடவை எடுத்துக் குடுத்தான், பொறந்த வூட்டு சீரு மாதிரி. லோகு கூட அந்த வருஷம் எடுக்கல. மயிலு கழுத்து நிறம். அத்தக் கட்டிக்கினு நான் சந்துல நடந்தேன் பாரு, எல்லார் கண்ணும் என் மேலதான்.

டேய், ரெண்டு பார்சலா? இரு, வேவுது. கத்தாத.

எங்க வுட்டேன்? ஆங், மோனி. மோனிஷா. லோகு பொண்ணு. அவனும் அவன் பொண்டாட்டியும் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போறப்ப கைக்கொழந்தையா என்னாண்ட வுட்டுட்டுப் போனாங்க. எனக்கு வயித்துல ஒண்ணும் தங்கல. கட்டினவரும் போய்ச் சேந்துட்டாரு. இந்தப் புள்ளதான் எனக்கு எல்லாம். பேச்சு வந்தப்ப அத்தையும் அம்மாவும் ஒண்ணாச் சேத்து 'அத்தம்மா'ன்னு கூப்புட்டுச்சி. நான் சொல்லித் தரல, அதுவாக் கண்டுபுடிச்சிச்சி. தோ, அந்த மாவு டப்பா மேல குந்திக்கினுதான் வாய்ப்பாடு சொல்லும். நான் தப்பா எண்ணி இட்லி வச்சா, "அத்தம்மா, ஒண்ணு கொறையுது"ன்னும். ரெண்டாவது படிக்கற புள்ள.

பரசு பாப்பா பாப்பான்னு உயிரை வுடுவான். ஒரு நாளு அவன் துன்னுக்கினு இருக்கறப்ப மோனி ஓடியாந்து பானையில மொண்டு மடக்கு மடக்குன்னு குடிச்சிச்சி. அவன் வாய்க்குப் போன இட்லி அப்பிடியே நின்னுச்சி. "எந்தத் தண்ணிக்கா அது?"ன்னான். "நம்ம பம்புத் தண்ணிதான்டா, பின்ன பன்னீரா?"ன்னேன். பாதியில கையக் கழுவிட்டு எழுந்து போயிட்டான். மறுநாளு தோள் மேல ஒரு தண்ணி கேனைத் தூக்கிக்கினு வர்றான். "அக்கா, இத்தப் பாப்பாவுக்குக் குடு. பம்புத் தண்ணி வேணாம்"னான். அன்னிலேர்ந்து கேன் காலியாக் காலியா அடுத்தது வந்துடும்.

பாத்தியா பாசத்தை? நான் உருகிட்டேன். வாசல்ல ஸ்டாண்டு போட்டு, எல்லாருக்கும் தெரியற மாதிரி அந்தக் கேனை நிறுத்தினேன். அதுக்கு முன்னாடி வெறகு எரிச்சிக் காய்ச்சி ஆற வச்சித்தான் கடைக்குத் தண்ணி வைப்பேன். அந்த வேலை மிச்சம். ஆட்டோக்காரங்க, "இன்னாக்கா, கடை ஓட்டலு ஆயிடுச்சி"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. பரசுவும் வந்து குந்தறப்ப அந்தக் கேனைப் பாப்பான், என்னைப் பாப்பான். "பாப்பாவுக்குக் குடுக்கறியாக்கா?"ன்னு கேப்பான். "குடுக்காம?"ம்பேன். வர்றப்பல்லாம் கேப்பான். ஒரே கேள்விய எத்தினி தபாடா கேப்பேன்னு எனக்கே எரிச்சலா வரும்.

அவன் மட்டும் என் கடையில ஒரு மொடக்குக் குடிக்க மாட்டான். பாட்டில்ல அவன் தண்ணிய எடுத்துக்கினு வருவான். சுத்தக்காரப் புள்ளன்னு எனக்குப் பெருமை வேற. எப்பிடி ஏமாந்திருக்கறேன் பாரு.

அந்தப் பெரிய பில்டிங்குன்னேனே, அதுதான், எதிர்க்கரையில தெரியுது பாரு, மாடி மேல மாடியா. தங்கமான ஜனங்க. வெள்ளம் வந்தப்ப எங்களுக்கெல்லாம் போர்வை குடுத்தாங்க. கொடி ஏத்தற நாளுன்னா என்னாண்டதான் இட்லி சொல்லுவாரு அவங்க செகரட்டரி சாரு. மாவு ஆட்டறதுக்குக் கூட அங்கேர்ந்தே தண்ணி கேனு அனுப்பிடுவாரு, தேசம்மாவுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு. அந்த மனசு யாருக்கு வரும்? கால்வா நாத்தத்துல அவங்களும்தான் அவஸ்தைப் படறாங்க. இந்தப் பக்கத்து ஜன்னலைத் தொறக்கறதே இல்லியாம், பாவம்.

பொங்கலு கழிஞ்சி கொஞ்ச நாள்ல பம்புத் தண்ணி மாறிப் போச்சி. நொரை கட்டுச்சி. துணி தொவைச்சா வெள்ளைத் துணி பழுப்பாச்சி. நாத்தம் எங்களுக்குப் புதுசு இல்லம்மா, பொறந்ததுலேர்ந்து மோந்துக்கினு இருக்கறோம். இது வேற நாத்தம். காலங்காத்தால கொடலைப் பொரட்டும், வெயிலு ஏறினா அடங்கிடும். எல்லாரும் என்னாண்ட வந்தாங்க. இந்தத் தோட்டத்துல எதுன்னாலும் நான்தான் முன்னாடி நிப்பேன். அப்ப கால்வாக் கரையில துரைக்கண்ணுன்னு ஒருத்தன் ஆட்டுத் தலை, காலு வாட்டிக் குடுத்துக்கினு இருந்தான். அத்தக் கழுவறது, சுரண்டறது எல்லாம் கால்வாயிலதான். இவன்தான்டான்னு முடிவு பண்ணேன். கூட்டத்தோட போனேன்.

"தேசம்மா, நான் வுடறது சாம்பலும் மசுரும்தான். நீ சொல்ற நாத்தம் விடிகாலையில வருது. நான் கடை போடறதே வெயிலு ஏறினப்பறம்தானே?"ன்னான். வாய் பேசறியாடான்னு அவன் அடுப்பை நானே கால்வாயில தள்ளினேன். ரெண்டு பொம்பளைப் புள்ளைங்கள வச்சிக்கினு அப்பறம் அவன் எங்க போனான்னு தெரியல.

அன்னிக்குப் பரசு இங்கதான், நீ குந்தியிருக்கற எடத்துல குந்தியிருந்தான். நான் போறதையும் பாத்தான், வந்து ஜம்பமாச் சொன்னதையும் கேட்டான். தட்டுல ரெண்டு இட்லிய அப்பிடியே வச்சிட்டுப் போயிட்டான். இப்ப நெனச்சா வயிறு எரியுது. அப்பவே வாயத் தொறந்திருந்தா துரைக்கண்ணு பொழப்பு போயிருக்குமா? அந்தக் குடும்பத்தத் தெருவுல வுட்டது யாரு? பரசுதான்.

பார்சலு ரெடி, எடுத்துக்கினு போ. சட்னி தனியா இருக்குது.

அப்பறம்தான் மோனி படுத்துச்சி. மொதல்ல காச்சலு. சோறு வேணாம்னுச்சி, மூலையில சுருண்டுக்கினு வாய்ப்பாடு கூட சொல்லல. ஒரு நாளு வெளிச்சத்துல இழுத்துப் பாக்கறேன், கண்ணு ரெண்டும் மஞ்சளு. தூக்கிக்கினு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா மொதக் கேள்வியே, "புள்ள இன்னா தண்ணி குடிக்குது?"ன்னு. "கேன் தண்ணிதாம்மா"ன்னு சொன்னேன். ஏதோ ஒண்ணுமில்லாதவங்க, கொழந்தைக்கு நல்ல தண்ணி கூட குடுக்க வக்கில்லாதவங்கன்னு நெனச்சிடக் கூடாதில்ல? டாக்டரம்மா ஒரு மாதிரியாப் பாத்துட்டு, "அப்ப எப்பிடி வந்துச்சி?"ன்னு அவங்களே கேட்டுக்கினாங்க. அது எனக்கு எப்பிடித் தெரியும்?

மறுநாளு மாத்துத் துணி எடுக்க வூட்டுக்கு வரணும். பக்கத்துப் பெட்டுப் பொம்பளைய மோனியப் பாத்துக்கச் சொல்லிட்டு மொத பஸ்ஸைப் புடிச்சேன். அவசரத்துக்குக் கால்வாக் கரை வழியா வந்தேன், அதான் குறுக்கு வழி. சொவரு இடிஞ்ச எடம் இருக்குது பாரு, பம்புக்குப் பின்னாடி, அங்க ஒரு லாரி பின்பக்கமாத் திரும்பி நிக்குது. தடியா ஒரு குழா அதுலேர்ந்து கால்வாய்க்குள்ள தொங்குது. கறுப்பாக் கொட்டுதும்மா. கக்கூஸ் தண்ணி. அந்தப் பெரிய பில்டிங்குல தொட்டி ரொம்பினா அள்ளிக்கினு வந்து எங்க தலை மாட்டுல ஊத்தறாங்க. அந்த நாத்தம்தான். அதே நாத்தம்.

குழாவை ஒருத்தன் புடிச்சிக்கினு நிக்கறான். லுங்கிய மடிச்சிக் கட்டி, மூக்குல துண்டு கட்டிக்கினு. என்னைப் பாத்ததும் துண்டை அவுத்தான். பரசு.

அவன் வாயிலேர்ந்து மொதல்ல வந்தது இன்னா தெரியுமா? "அக்கா, பாப்பாவுக்கு எப்பிடி இருக்குது?"

கையில ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போன தூக்குச் சட்டி இருந்துச்சி. அத்தத் தூக்கி அவன் மூஞ்சி மேல அடிச்சேன். நெத்தி கிழிஞ்சி ரத்தம் வந்துச்சி. தொடைக்கக் கூட இல்ல அவன். "பாவி, தண்ணி லாரின்னியேடா"ன்னு கத்தினேன். "கக்கூஸ் லாரின்னு சொன்னா யாருக்கா பக்கத்துல குந்த வச்சி சோறு போடுவாங்க?"ன்னான். "ஏன்டா இங்க ஊத்தறே? ஊத்தறதுக்குன்னு எடம் இல்லியா?"ன்னேன். "அங்க போனா பாதி நாளு லைன்ல நிக்கணும், ஓனரு வேலைய வுட்டுத் தூக்கிடுவான். இங்க ஊத்தினா யாரும் கேக்க மாட்டாங்கக்கா"ன்னான்.

யாரும் கேக்க மாட்டாங்களாம்! அப்ப நாங்க யாரு? அவனுக்கு இட்லி போட்டேனே, நான் யாரு?

அதோட வுட்டானா? நான் அழுதுக்கினு நிக்கறேன், பக்கத்துல வந்து, "பாப்பாவுக்குக் கேன் தண்ணி குடுன்னு எத்தினி தபா சொன்னேன்க்கா?"ன்னான். என்னாண்ட கேக்கறான்! ஊத்தறவன் அவன், கேள்வி எனக்கு. அந்தக் கேனு பாசத்துல வந்தது இல்லம்மா. உள்ளுக்குள்ள குத்துச்சி, அத்தக் கழுவிக்கறதுக்குக் கொண்டாந்து வச்சிருக்கறான். எந்தம்பின்னு நெனச்சவன் தினம் காலையில எங்களுக்கு வெஷத்த வச்சிட்டு, குளிச்சி, விபூதி பூசிக்கினு, என் கையால வாங்கித் துன்னுட்டுப் போயிருக்கறான்.

செகரட்டரி சாரையும் போயிக் கேட்டேன். "கேட்டைத் தாண்டிட்டா அது லாரிக்காரன் பொறுப்பு தேசம்மா, அவன் எங்க ஊத்தறான்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"ன்னாரு. நியாயம்தானே. அவரும் என்னை மாதிரி ஏமாந்தவருதான். மோனிக்குன்னு ஆப்பிளு கூட வாங்கிக் குடுத்தனுப்பினாரு. நாங்க கட்டையப் போட்டு அந்தக் கரையை மறிச்சிட்டோம். இப்ப பாலத்துக்கு அந்தாண்ட போயி ஊத்தறாங்களாம். அங்கயும் குடிசைங்கதான். அது அவங்க பாடு.

பரசுவா? அவன் மூஞ்சில முழிக்கறதில்ல. ஆனா அந்தக் கேனை மட்டும் இன்னமும் கொண்டாந்து சந்து மொனையில வச்சிட்டுப் போறான். நான் பேசறதில்ல, காலிக் கேனை அங்க வச்சிடுவேன், எடுத்துக்கினு போவான். தண்ணி இன்னா பாவம் பண்ணிச்சி, அத்த ஏன் வீணாக்கணும்? நீ குடிக்காம வச்சிருக்கறியே, அது அந்தக் கேனுதான்.

அவனாவது ஊரான். கூடப் பொறந்தவன் பண்ணதுதான் எனக்கு ஆறல. மோனி பொழச்சிக்கிச்சி, சாமி புண்ணியம். லோகு திருப்பூர்லேர்ந்து வந்தான். ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா புள்ளயத் தூக்கிக்கினு போயிட்டான். வூட்டுக்குக் கூட வரல. அது பொம்மை, அது ஸ்கூல் பையி எல்லாம் தோ, உள்ளதான் இருக்குது. பஸ் ஜன்னல்லேர்ந்து 'அத்தம்மா'ன்னு கத்திக்கினே போச்சி. போன் போட்டா எடுக்க மாட்டான். அவன் பொண்டாட்டி எடுத்தா, "அப்பறம் பேசறேன் அண்ணி"ன்னு வச்சிடுவா. பரசு பண்ணதுக்கு என்னை எதுக்கு தண்டிக்கணும்? கைக்கொழந்தையிலேர்ந்து வளத்தவளுக்கு இதுதான் மரியாதையா? சொல்லு, நீயே சொல்லு. காலையில மாவு டப்பாவைத் தொறக்கறப்ப அது மேல யாரும் இல்லியேன்னு ஒரு நிமிஷம் கை நின்னு போவுதும்மா.

அதுக்குத்தான் உன்னை வுடாம குந்த வச்சேன். நீ லோகுக்கு ஒரு போனு போடு. "நான் காலேஜ்லேர்ந்து பேசறேன், தண்ணியச் சோதிச்சோம், லாரிக்காரன் ஊத்தினதாலதான் கொழந்தைக்கு வந்துச்சி, உங்க அக்கா மேல ஒரு தப்பும் இல்ல"ன்னு சொல்லு. அவ்ளோதான். நீ படிச்ச பொண்ணு, நீ சொன்னா நம்புவான். லீவுக்காவது புள்ளய அனுப்புவான்.

இன்னா? கொஞ்சம் சத்தமாச் சொல்லு, ஸ்டவ் எரியறதுல கேக்கல.

மோனி அந்தக் கேன் தண்ணியக் குடிச்சிதாவா?

தோ பாரு. லோகுவும் இத்தத்தான் கேட்டான். ஆஸ்பத்திரி வராண்டாவுல, அத்தினி பேரு முன்னாடி. நீயும் அதையே கேக்கறே. கேனு யாருக்கும்மா வைக்கறது? வர்றவங்களுக்கு வைக்கறது. வூட்டு மனுஷங்க கேன் தண்ணியக் காலி பண்ணிட்டா, வந்து குந்தறவங்களுக்கு இன்னாத்த வைக்கறது? நான் குடிச்சேனா? நானும் பானைத் தண்ணிதான் இன்னிக்கு வரைக்கும். லோகு இன்னா குடிச்சி வளந்தான்? இதே பம்புதான்.

மோனிக்கு அந்தப் பேராசையெல்லாம் கிடையாது. ஒரே ஒரு தபா, கேனைத் தொறந்து டம்ளர்ல புடிச்சி வாய்க்குக் கொண்டு போச்சி. நான் பாத்துட்டேன். "அது கடைக்கு வர்றவங்களுக்குடி தங்கம், நம்மளுது பானையில இருக்குது"ன்னேன். அவ்ளோதான். ஒரு சொட்டு சிந்தாம அந்த டம்ளரைக் கொண்டாந்து, குந்தியிருந்த ஆட்டோக்காரரு முன்னாடி வச்சிட்டு, பானையாண்ட போச்சி. அதுக்கப்பறம் கேனைத் தொடவே இல்ல. அப்பிடி வளத்திருக்கறேன் நான், ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

ஏம்மா எழுந்துட்டே? தட்டுல இட்லி அப்பிடியே இருக்குது. தண்ணியும் தொடல. குந்து, ஒரு நிமிஷம் குந்து. லோகு நம்பரு எனக்கு மனப்பாடம். சொல்றேன், போடு.